சரத்தை ஒடிக்காமல்

நான் பொட்டிபுரத்துக்காரன். நான் இப்போது இருக்கும் அமெரிக்காவின் வட கரோலினாவில் இந்தப் பெயரைச் சொன்னால், இயற்பியல் படித்தவர் யாராவதுதான் நிமிர்ந்து பார்ப்பார். நியூட்ரினோ ஆய்வகத்துக்கென்று குறித்த மலை எங்கள் ஊரில் இருக்கிறது. மற்றவர்களுக்கு ஏலக்காயைக் காட்டித்தான் ஊரை விளக்க வேண்டும்.

2015 பிப்ரவரி 10 அன்று, எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தொலைவில், சேப்பல் ஹில் ஊரில் மூன்று பிள்ளைகளை அண்டை வீட்டுக்காரன் சுட்டுக் கொன்றான். தியா பரக்கத்துக்கு 23 வயது. அவர் மனைவி யூசர் அபூ சல்ஹாவுக்கு 21; கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. யூசரின் தங்கை ரஸானுக்கு 19. வண்டி நிறுத்தும் இடத் தகராறு என்று போலீஸ் முதலில் சொன்னது. முஸ்லிம்கள் என்ற வெறுப்பில்தான் கொன்றான் என்றார்கள் பெற்றவர்கள். செய்தி கேட்ட அன்று என் மனைவி, "இனிமே பார்க்கிங்ல யார் என்ன சொன்னாலும் வாயத் தொறக்காதீங்க" என்றாள். இன்றுவரை நான் திறப்பதில்லை.

தியாவும் யூசரும் ராலேயிலுள்ள வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர்கள். ரஸான் அங்கேயே கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தாள். பல் மருத்துவ மாணவரான தியா, துருக்கியிலிருந்த சிரிய அகதிகளுக்குப் பல் சிகிச்சை அளிக்க 20,000 டாலர் திரட்டிக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு அந்த நிதி பல மடங்காகப் பெருகியது. பல்கலைக்கழக விளையாட்டுத் திடலில் 5,000 பேருக்கு மேல் கூடி ஜனாஸா தொழுகை நடந்தது. பிறகு, "நமது மூன்று வெற்றியாளர்கள்" என்ற பெயரில் அங்கே ஒரு கல்வி உதவித்தொகை வைத்தார்கள்.

எங்கள் பக்கம் செத்தவர் பேரைக் கோயிலுக்குக் கொடுக்கும் டியூப்லைட்டில் எழுதுவோம். எழுத்து பெரிதாகப் பெரிதாக வெளிச்சம் குறையும். அதைக் கிண்டல் செய்து சிரித்தவன்தான் நானும்.

அக்காவிடம் போனில் இந்த உதவித்தொகை பற்றிச் சொன்னேன். அவள் முப்பது வருஷம் விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிக் கேரளத் தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போனவள். ஏலக்காய் தூரடியில், தரையோடு படர்ந்த சரத்தில் காய்க்கும். குனிந்தும் குந்தியும்தான் எடுக்க வேண்டும். உதவித்தொகைக்கென்று சேர்ந்த முதலைத் தொடாமல் முதலீட்டில் போட்டு, வருமானத்தில் மட்டும் வருஷா வருஷம் ஒரு பிள்ளைக்குப் பீஸ் கட்டுவார்கள் என்று நான் விளக்கி முடிப்பதற்குள் அவள் பிடித்துக்கொண்டாள்.

"சரத்த ஒடிக்காம முத்துன காய மட்டும் எடுக்குறது. அம்புட்டுத்தானப்பா?"

அவ்வளவுதான். ஒரே சரத்தில் நுனியில் பூ இருக்கும், நடுவில் பிஞ்சு இருக்கும், அடியில் காய் முத்தியிருக்கும். அவசரப்பட்டுச் சரத்தை உருவினால் அடுத்த எடுப்புக்கு ஒன்றும் மிஞ்சாது. நான் பணக் கணக்காகச் சொன்னதை அவள் விரல் ஏற்கெனவே அறிந்திருந்தது.

கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள்: "ரெண்டு பொம்பளப் பிள்ளைகளையும் பறிகொடுத்த அப்பா எப்படிப்பா இருக்காரு?"

அவர் மனநல மருத்துவர் என்றேன். 2019 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் உட்கார்ந்து, மகள்கள் செத்ததை அவர் வாயாலேயே சொன்னார் என்றேன். அந்த ஜூனில் கொலைகாரன் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று ஆயுள் தண்டனை பெற்றான். அக்கா "ம்" என்றாள், வேறொன்றும் கேட்கவில்லை.

போடியில் ஏலத்தோட்டக்காரர்கள் சங்கம் தொடங்கிய சி.பி.ஏ. கல்லூரி இருக்கிறது. ஜீப்பில் மலையேறும் வீடுகளின் பிள்ளைகள் போடி, தேனிக் கல்லூரிகளில்தான் படிக்கிறார்கள். எங்கள் பக்கத்திலிருந்து கடல் கடந்தவர்களே, இறந்துபோன உங்கள் அண்ணன் தம்பி அக்கா தங்கை பேரில், அவர்கள் படித்த கல்லூரியில் ஒரு முதல் போட முடியுமா என்று கேட்டு எழுதுங்கள். டியூப்லைட் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.