துக்ளக்கைப் பிரதமராக்கிய சோ ஐயாவுக்கு



சிவகாசி ஆப்செட் அச்சகங்களிலேயே காலம் தள்ளிய ஒருவன் எழுதும் நன்றி மடல் இது. 2016 டிசம்பரில் நீங்கள் போய்விட்டீர்கள். ஆனாலும் கடன் கடன்தானே.

உங்கள் 'முகமது பின் துக்ளக்' 1968-இல் நாடகமாக மேடையேறி, 1971-இல் படமாக வந்தது. பதினான்காம் நூற்றாண்டு சுல்தான் தானே கல்லறையிலிருந்து எழுந்து வந்ததாகச் சொல்லி, வேஷம் போட்ட ஒருவர் தேர்தலில் நின்று பிரதமராகிவிடுகிறார். பாரசீகம்தான் ஆட்சிமொழி என்கிறார். லஞ்சத்தை ஒழிக்க, அதையே சட்டபூர்வமாக்குகிறார். கட்சி மாறி வந்தவர்களுக்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி. கூட்டமோ கைதட்டுகிறது.

அந்தக் கைதட்டலைப் பார்த்த பிறகுதான் என் வேலையே எனக்குப் புரிந்தது. வால்போஸ்டர் அடிக்கும்போது எங்கள் மிஷினில் மஞ்சள் முதலில் ஓடும். அப்போது தலைவருக்கு முகமே இருக்காது, வெளிறிய திட்டுதான். சிவப்பு விழுந்தால் கன்னமும் உதடும் வரும். அடுத்தது நீலம். கடைசியில் கருப்பு ஏறினால்தான் கண்ணும் மீசையும் கும்பிட்ட கையும் எடுப்பாக நிற்கும். காலையில் ஒரு கட்சி, சாயங்காலம் அதே மிஷினில் எதிர்க்கட்சி. யார் ஜெயித்தாலும் ஊர்வலத்தில் கொளுத்தும் சரவெடியும் எங்கள் ஊர்ச் சரக்குதான். இந்த முகத்தை உண்டாக்குவது யார், அவரா நாமா என்று மஞ்சள் தாளைக் கையில் எடுக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்ள வைத்தீர்கள்.

உங்கள் படத்தைப் போலவே ஜனங்களைக் கிண்டல் செய்து, 2006-இல் அமெரிக்காவில் மைக் ஜட்ஜின் 'இடியாக்ரசி' என்ற படம் வந்தது. சாதாரண ராணுவக்காரர் ஒருவர் 500 ஆண்டு தூங்கி 2505-இல் விழிக்கிறார். உலகம் முழுக்க மந்தபுத்தி. பயிருக்குத் தண்ணீருக்குப் பதில் எனர்ஜி டிரிங்க் ஊற்றுகிறார்கள். நல்ல படம்தான், வயிறு வலிக்கச் சிரிக்கலாம். ஆனால் அறிவு குறைந்தவர்கள் அதிகம் பிள்ளை பெற்றதால்தான் உலகம் இப்படி ஆனது என்று அது சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. எங்கள் விருதுநகர்க்காரர் காமராசர் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். அவர் திறந்த பள்ளிகளில்தான் தீப்பெட்டி ஒட்டியவர்களின், பட்டாசுக்கு மருந்து அடைத்தவர்களின் பிள்ளைகள் படித்தார்கள். பிளஸ் டூ தேர்ச்சியில் பல ஆண்டுகள் முதலிடம் பிடித்த மாவட்டம் இது. புத்தி பிறப்பில் வருவதில்லை என்பதற்கு எங்கள் தெருக்களே சாட்சி.

நீங்கள் பிறப்பைக் குறை சொல்லவில்லை. உங்கள் துக்ளக்கிடம் பதவிக்காக வரிசையில் நின்றவர்கள் விவரம் தெரிந்தவர்கள்தான். தெரிந்தேதான் ஏமாந்தார்கள். ஓட்டுப் போடுகிறவர்களைப் பற்றிய கேள்வி எங்களுக்கும் புதிதல்ல: 1967-இல் காமராசரை 1,285 ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தது எங்கள் பக்கத்து விருதுநகர்தான். அந்தத் தீர்ப்பில் நியாயம் உண்டா இல்லையா என்று எங்கள் வீடுகளில் இன்னும் சண்டை நடக்கிறது. அதை இங்கே தீர்க்கப் போவதில்லை. உங்கள் அரசியல் எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடும் இல்லை. ஆனால் ஓட்டுப் போடுகிறவனையும் கேள்வி கேட்கலாம் என்ற தைரியத்தை எனக்குக் கொடுத்தது நீங்கள்தான்.

இன்னொன்றுக்கும் நன்றி. மற்ற படங்களில் கடைசி ரீலில் ஜனங்கள் திருந்திவிடுவார்கள். உங்கள் படத்தில் துக்ளக்கோடு சேர்ந்து வேஷம் போட்ட கூட்டாளியே வந்து உண்மையைச் சொல்கிறான். அப்போதும் கூட்டம் துக்ளக் பக்கம்தான் நிற்கிறது. எங்களுக்குப் பிடித்தமான முடிவைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம், நீங்கள் அனுப்பவில்லை.

என் பேத்திக்கு இந்த முறை ஓட்டு வந்திருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளோடு உட்கார்ந்து படத்தை மறுபடி பார்க்கப் போகிறேன்.


சிவகாசி அச்சுத் தொழிலாளி ஒருவன்