சிக் ரூம் சிஸ்டர்

ஆஸ்பத்திரி நைட் டூட்டிக்குப் பயந்துதான் பள்ளிக்கூட நர்ஸ் வேலைக்கு வந்தேன். சேவை, பிள்ளைகள் மேல் பிரியம் என்றெல்லாம் இன்டர்வியூவில் சொன்னேன். உண்மையில், மகளை ராத்திரி மாமியார் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டுக் கிளம்ப என்னால் முடியாமல் போயிருந்தது. இங்கே நாலு மணிக்கு வீடு, மே மாதம் லீவு, மகளுக்கு அதே பள்ளியில் பாதி ஃபீஸ். சம்பளம் மட்டும் ஆஸ்பத்திரியைவிடக் குறைவு. "டெட்டால் தடவவா ஜிஎன்எம் படிச்சே?" என்று கூட வேலை பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

டெட்டால் கொஞ்ச நேர வேலைதான். நாளில் பாதி வயிற்றுவலிக்கே போய்விடும். முதல் பீரியடில் வரும் வலி பெரும்பாலும் பசி. ஆறரைக்கு வேன் ஏறும் பிள்ளை ஒரு டம்ளர் பாலைக்கூட முழுசாகக் குடித்திருக்காது. ரெண்டு பிஸ்கட், கொஞ்சம் தண்ணீர், பத்து நிமிஷம், சரியாகிவிடும். கணக்குப் பரீட்சை வலி மணி அடித்ததும் போய்விடும். ஆனால் முதலில் தொப்புளைத் தொட்டுக் காட்டிய பையன், கொஞ்ச நேரம் கழித்து வலது அடிவயிற்றைக் காட்டி, குனிந்து நடந்தால் அப்பெண்டிக்ஸாக இருக்கலாம். உடனே வீட்டுக்கு போன். ஆறாவது ஏழாவது படிக்கிற பெண் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு உள்ளே வராமல் சுவரோடு ஒட்டி நின்றால், எதுவும் கேட்க மாட்டேன். கதவைச் சாத்திவிட்டு அலமாரியிலிருந்து நாப்கினும் மாற்றுப் பாவாடையும் எடுப்பேன். பெற்ற அம்மாவுக்கு முன்னால் எனக்குச் சேதி தெரிந்த பிள்ளைகள் நிறைய.

ஆஸ்பத்திரியில் சந்தேகம் வந்தால் டூட்டி டாக்டரைக் கூப்பிடலாம். இங்கே நான் ஒருத்திதான். ஒருநாள் பிரேயரில் எட்டாம் வகுப்புப் பையனுக்கு வலிப்பு வந்தது. நான் ஓடிப்போவதற்குள் கையில் சாவிக்கொத்தைத் திணித்திருந்தார்கள். ஒருவர் வாயில் ஸ்பூன் வைக்கப் பார்த்தார். எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, பையனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, காலர் பட்டனைக் கழற்றி, வாட்சைப் பார்த்தேன். ஐந்து நிமிஷம் தாண்டினால் 108. அதற்குள் நின்றுவிட்டது. முதல் தடவை என்பதால் அப்புறமும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். சாவி கொடுத்ததால்தான் நின்றது என்று மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் பேச்சு!

அதனால்தான் படிப்பு முடித்த கையோடு இந்த வேலைக்கு வராதீர்கள் என்பேன். கேஷுவாலிட்டியில் ரெண்டு வருஷமாவது நின்று பழகிய கண்ணும் கையும் வேண்டும். அந்தக் கை இங்கே வந்ததும் துருப்பிடிக்க ஆரம்பிப்பதுதான் கொடுமை. ஒரே குத்தில் ஐவி லைன் போட்டவள் நான். இன்று ஒரு குழந்தைக்குப் போடச் சொன்னால் யோசிப்பேன். சிக் ரூமில் ஆள் இல்லையென்றால், "சும்மாதானே இருக்கீங்க சிஸ்டர்" என்று எல்கேஜி வகுப்பில் உட்கார வைப்பார்கள். பெற்றோர் சம்மதம் இல்லாமல் பாராசிட்டமால்கூடக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் பள்ளி விதி. சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடாத அப்பாதான், "காய்ச்சலோட உட்கார வெச்சிருக்கீங்களே" என்று சண்டைக்கு வருவார்.

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் வந்தது. 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும். வாட்ஸ்அப் வதந்தியில் நிறையப் பெற்றோர் பிள்ளையை அனுப்ப மாட்டோம் என்றார்கள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா வந்தால் குழந்தையின் கண், காது, இதயம் பாதிக்கப்படலாம் என்று நோட்டீஸ் அடித்துக் கொடுத்தோம். யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஓர் அம்மா நேரே சிக் ரூமுக்கு வந்து, "உங்க பொண்ணுக்குப் போடுவீங்களா சிஸ்டர்?" என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் இப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. அங்கே டாக்டர் வாயைத்தான் பார்ப்பார்கள். முதல் ஊசியே அவளுக்குத்தான் என்றேன். அவள் போட்ட கூச்சல் மாடி வரை கேட்டது. அப்படியும் அந்த அம்மா தன் மகனைக் கையைப் பிடித்து வரிசையில் கொண்டுவந்து நிறுத்தினார். பின்னாலேயே இன்னும் சிலர். மறுநாள் மீதிப் பேரும் வந்தார்கள் என்று எழுத ஆசைதான். வராதவர்களும் இருந்தார்கள்.