பெரி சந்தையில் வேகும் ரத்தம்

மான்செஸ்டரிலிருந்து வடக்கே போகும் டிராம் பெரி ஊரில் முடிகிறது. இறங்கினால் கூப்பிடு தூரத்தில் சந்தை. நெசவுத் தறியின் பறக்கும் நாடாவுக்கு 1733இல் காப்புரிமை பெற்ற ஜான் கே இந்தப் பக்கத்துக்காரர். பஞ்சாலைகள் போய்விட்டன. ஆலைத் தொழிலாளர்களின் வயிற்றை நிரப்பிய பிளாக் புட்டிங் இன்னும் சந்தையில் ஆவி பறக்க விற்கிறது. இது இனிப்புப் பண்டம் இல்லை. பன்றி ரத்தம், பார்லி, ஓட்ஸ், கொழுப்பு, வெங்காயம் எல்லாம் கலந்து குடலில் அடைத்து வேகவைப்பது.

கடையில் நின்ற அம்மாள் கொப்பரையிலிருந்து லாட வடிவத்தில் கறுப்பாக ஒன்றைத் தூக்கினார்.

“கொழுப்பு போட்டதா, போடாததா, கண்ணு?”

போட்டதையே கேட்டேன். நீளவாக்கில் கீறி, கடுகு விழுதைத் தடவி, காகிதத்தில் வைத்துக் கொடுத்தார். பார்லி பல்லில் பட்டது. வெள்ளை மிளகின் காரம் ஏற, அதன் பின்னால் லேசான புதினா வாசம். பென்னிராயல் என்கிற அந்தப் புதினா வகை, இந்த லங்காஷயர் வட்டாரப் புட்டிங்கின் பழைய அடையாளம்.

மறுநாள் விடியுமுன், ஊருக்கு வெளியே ஒரு சின்னப் பட்டறைக்குப் போனேன். முந்தின இரவே வேகப்போட்ட பார்லி குழைந்திருந்தது. ஓர் இளைஞர் முதுகுக் கொழுப்பைச் சிறு சதுரங்களாக நறுக்கி வெந்நீரில் அலசிக்கொண்டிருந்தார். அலசாவிட்டால் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; வெட்டினால் வெள்ளைப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியாது. குடலை முக்கால்வாசிதான் நிரப்புகிறார்கள். பார்லியும் ஓட்ஸும் வேகும்போது இன்னும் உப்பும். இரண்டு முனைகளையும் சேர்த்து நூலால் கட்டினால் லாடம்.

அடுப்படியில் மூத்த தொழிலாளி ஒருவர். கண் தண்ணீரை விட்டு நகரவில்லை. 80 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும். கொதி வந்தால் குடல் வெடித்துவிடும். ஊசியால் ஒன்றைக் குத்தினார். சிவப்பாகக் கசிந்தது. “இன்னும் ஆகல.” சற்றுப் பொறுத்து இன்னொன்றைக் குத்தினார். கசிவு பழுப்பாக வந்ததும் மொத்தத்தையும் வெளியே எடுத்துவிட்டார்.

செப்டம்பரில் பக்கத்து ராம்ஸ்பாட்டமில், உயரத்தில் அடுக்கிய யார்க்ஷயர் புட்டிங்குகளை பிளாக் புட்டிங்கால் அடித்து வீழ்த்தும் போட்டி நடக்கும். பத்திரிகைகள் அதைப் படத்தோடு போடுகின்றன. இந்த ஊசி பிடிக்கும் கைகளைப் பற்றி யாராவது எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ரத்தம் எங்கே என்று அந்த மூத்தவரிடம் கேட்டேன். மூலையில் அடுக்கியிருந்த மூட்டைகளைக் காட்டினார். செம்பழுப்புத் தூள். இங்கிலாந்தில் இன்று பெரும்பாலான பிளாக் புட்டிங் காய்ந்த ரத்தத் தூளில்தான் தயாராகிறது. அதில் பெரும்பகுதி ஐரோப்பாவிலிருந்து இறக்குமதி. தண்ணீரில் கரைத்தால் வேலை சுலபம், ஒவ்வொரு தடவையும் ஒரே பதம். பச்சை ரத்தம் என்றால் வாளியில் விழுந்த நொடியிலிருந்து கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் உறைந்துவிடும். கிளறும்போது விரல்களில் நார்நாராகச் சுற்றும். இளவயதில் தானே கிளறியிருப்பதாகச் சொன்னார்.

எனக்கு இது வருத்தமாக இருந்தது. பன்றியை அறுத்தால் ஒரு சொட்டுகூட வீணாகக் கூடாது என்றுதான் ஏழை வீடுகளில் இந்த உணவு பிறந்தது. இன்று உள்ளூர்ப் பன்றியின் ரத்தம் கழிவாகப் போகிறது. புட்டிங்குக்கான தூள் கடல் தாண்டி வருகிறது. இதில் பட்டறைக்காரரைக் குறை சொல்ல முடியாது. ரத்தத்தை உணவுக்குப் பிடிக்க வேண்டுமென்றால் இறைச்சிக் கூடத்தில் சுத்தமான தனிக் குழாய், குளிரூட்டிய தொட்டி எல்லாம் வேண்டும். பல பன்றிகளின் ரத்தம் ஒரே தொட்டியில் சேர்வதால், சோதனையில் ஒரு பன்றி தேறாவிட்டாலும் தொட்டி முழுவதையும் கொட்ட வேண்டியதுதான். அந்தச் செலவை ஏற்க முன்வருகிற கூடங்கள் அபூர்வம். சந்தையில் விலை கூடினாலும் வாங்குகிறவர்கள் வந்தால் நிலைமை மாறும் என்று நான் நம்புகிறேன்.

நாளைக்கே பச்சை ரத்தம் கிடைத்தால் செய்வீர்களா என்று மூத்தவரிடம் கேட்டேன். அவர் கொப்பரையைப் பார்த்தபடியே பதில் சொன்னார்: “செய்வேன். ஆனா ஓட்ஸ் அளவை மாத்தணும். முதல் ரெண்டு மூணு கொப்பரை சரியா வராது. அதுக்குள்ள இந்தப் பையனுக்குக் கிளறக் கத்துக்கொடுத்துடுவேன்.”