அம்மாவின் கால் எலும்பும் கடைமடை வயலும்

ஒரே எலும்பு உடைந்த இரண்டு பேருக்கு, ஒரே நாளில் கூடிவிடுமா? மேல்சித்தாமூரில் எங்கள் தெருவே அப்படித்தான் நம்பியது. அந்த நம்பிக்கையால் என் அம்மா கேட்ட பேச்சு கொஞ்சநஞ்சமல்ல.

செஞ்சிக்குப் பக்கத்தில், ஜினகாஞ்சி மடம் இருக்கும் ஊர் எங்களுடையது. பார்சுவநாதர் கோயில் படியில் இறங்கும்போது அம்மாவுக்குப் பாதம் மடங்கிவிட்டது. பாதத்தின் வெளி ஓரமாகச் சுண்டுவிரல் வரை போகும் நீள எலும்பில் விரிசல். மாவுக்கட்டு போட்டு, காலை ஊன்றவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

அதே மாதம் எதிர்வீட்டு அத்தைக்கும் அதே எலும்பில் அடி. ஆறே வாரத்தில் அவர் வாசல் தெளித்துக் கோலம் போட்டார். அம்மாவுக்கோ மூன்றாவது மாத எக்ஸ்ரேயிலும் அந்தக் கோடு அப்படியே இருந்தது.

“யாருக்கும் தெரியாம நடந்திருப்பே.” “ஒழுங்கா பால் குடிச்சாத்தானே?” “அப்பவே புத்தூர் கட்டு போட்டிருக்கலாம்.”

வருகிறவர்கள் எல்லாம் ஆளுக்கொன்று சொன்னார்கள். அம்மா யாருக்கும் பதில் சொல்லவில்லை. ராத்திரியில் மட்டும் என்னிடம், “நான் கால ஊனவே இல்லடி” என்று அழுவார்.

அந்தச் சமயத்தில்தான், மருத்துவம் படிக்கும் என் அக்கா மகள் லீவுக்கு வந்தாள். தோழியிடம் இரவல் வாங்கிய ‘போன் செட்’டும் கூடவே வந்தது. “வீட்டுக்குள்ள எலும்பா?” என்று அம்மா அலறிவிட்டார். வெங்காயம், பூண்டுக்கே யோசிக்கிற நயினார் வீடு எங்களுடையது. அதனால் பாடம் திண்ணையில் நடந்தது.

“இதுதான் பாட்டி உங்களுக்கு உடைஞ்ச எலும்பு. நடுவுல ஊசி குத்தின மாதிரி ஒரு துளை தெரியுதா? எலும்புக்குள்ள ரத்தக்குழாய் போற வாசல் இதுதான்.”

பாதத்தின் நீள எலும்பு ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் இப்படி ஒரு துளைதான் இருக்குமாம். சிலருக்கு இரண்டு இருக்கும். சில எலும்புகளில் கண்ணுக்கே தெரியாது. இருக்கும் இடமும் ஆளுக்கு ஆள் முன்னே பின்னே மாறும். கட்டைவிரல் எலும்பில் துளை விரல் பக்கமாகச் சாய்ந்து போகும், மற்ற நான்கிலும் குதிகால் பக்கமாக. வளரும் வயதில் எந்த முனை அதிகம் வளர்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் சாய்வதுதான் வழக்கமாம்.

“அப்போ எதிர்வீட்டுக்காரிக்கு மட்டும் எப்படிச் சீக்கிரம் கூடிச்சு?” என்றார் அம்மா.

“அவங்களுக்கு உடைஞ்சது குதிகால் பக்க நுனியில. அங்க தனியா நிறைய ரத்தக்குழாய் இருக்கு. உங்களுக்கு அதுலேர்ந்து ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி உடைஞ்சிருக்கு. நுனியிலேர்ந்து வர்ற ரத்தமும் நடுத்துளையிலேர்ந்து வர்ற ரத்தமும் அந்த இடத்துக்குக் குறைவாத்தான் வரும்.”

அம்மா பட்டென்று பிடித்துக்கொண்டார். “ரெண்டு ஏரிக்கும் நடுவுல இருக்கிற கடைமடை வயல்னு சொல்லு!”

அதேதான். இந்த முறிவுக்கு ‘ஜோன்ஸ் முறிவு’ என்று பெயர். லிவர்பூல் அறுவை மருத்துவர் ராபர்ட் ஜோன்ஸ் 1902-ல் இதைப் பற்றி எழுதினார். நடனமாடும்போது அவருக்கே இப்படி உடைந்ததாம். “அவர் ஆடி உடைச்சாரு, நான் சாமி கும்பிட்டு உடைச்சேன்” என்று அம்மா சிரித்தார். மூன்று மாதத்தில் நாங்கள் பார்த்த முதல் சிரிப்பு அது.

இந்த இடத்தில் உடைந்தால் கூடுவதற்குத் தாமதமாகும், சிலருக்கு ஸ்க்ரூகூட வைக்க வேண்டியிருக்கும் என்று டாக்டரும் விளக்கினார். சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் இன்னும் தாமதமாக்குமாம். அம்மாவுக்கு ஆபரேஷன் தேவைப்படவில்லை. ஐந்தாவது மாதம் கோடு மறைந்தது.

அந்த ஐந்து மாதத்தில் கால் வலியைவிடப் பேச்சுதான் அம்மாவை அதிகம் வாட்டியது. கட்டுப் போட்டுப் படுத்திருப்பவரைப் பார்க்கப் போனால், “இன்னுமா கூடல?” என்று கேட்காதீர்கள். “நான் காபி போட்டுத் தரட்டுமா?” என்று கேளுங்கள்.