பரணோடு போன கோல நோட்டு

ஓவியக் குறிப்பேடு என்று கடைகளில் இப்போது விதவிதமாக விற்கிறார்கள். தடித்த பருத்தித் தாள், துணி அட்டை, பக்கம் குறிக்க நாடா, துண்டுச் சீட்டு செருகப் பின்னட்டையில் ஓர் உறை. பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. அந்தப் பருத்தித் தாள் தவிர மற்ற அத்தனையும் உள்ள நோட்டைக் கையாலேயே செய்து, மாயவரத்தில் எங்கள் தெருவில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் வைத்திருந்தார்கள். கோல நோட்டு என்று அதற்குப் பெயர்.

முழுப்பரீட்சை முடிந்ததும் அம்மா அந்த வேலையில் இறங்குவாள். எங்கள் பள்ளி நோட்டுகளில் எழுதாமல் மிஞ்சிய தாள்களைப் பதமாகக் கிழித்தெடுப்பாள். பின் அடித்த நோட்டில் கடைசிப் பக்கங்கள் வெறுமையாக இருந்தாலும் அவற்றின் மறுபாதி முன்பக்கத்தில் எழுதித் தீர்ந்திருக்கும். அதனால் கிடைப்பதெல்லாம் ஒற்றைத் தாள்கள். ஒற்றைத் தாளை நடுவில் மடித்துத் தைக்க வழியில்லை. அடுக்கி, தரையில் தட்டி ஓரத்தைச் சமன்செய்து, விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை தள்ளிக் கோணி ஊசியால் துளைபோட்டு, மெழுகுவத்தித் துண்டில் இழுத்த நூலால் ஓரத்தையல் போடுவாள். அப்படித் தைத்த நோட்டு முழுசாக விரியாது. தையல் பக்கம் இரண்டு கட்டம் இடம் விட்டுத்தான் கோலத்தைத் தொடங்க வேண்டும் என்று எங்களுக்கெல்லாம் சிறு வயதிலேயே தெரியும்.

அட்டைக்குச் சேலைப் பெட்டி. அதன்மேல் ரவிக்கைத் துணியில் மிஞ்சிய துண்டு. ஒட்டுவதற்கு மைதாவைக் கரைத்துக் கிண்டிய பசை, அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம். பைண்டிங் கடைக்காரர் சொல்லிக்கொடுத்த பக்குவம் அது. மாவுப்பசை இருக்கும் இடத்தைத் தேடி ராமபாணம் வரும். துத்தம் சேர்த்தால் அண்டாது. விஷம் என்பதால் அந்தப் பசை அடுக்களைக்குள் போகக் கூடாது. திண்ணையில் கொட்டாங்கச்சியில் கலக்கி, வேலை முடிந்ததும் கொட்டாங்கச்சியோடு தூக்கி எறிந்துவிடுவாள். பக்கம் குறிக்கப் பாவாடை நாடா. மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை உறை பின்னட்டையின் உட்பக்கம் ஒட்டப்பட்டு ஜேபியாகிவிடும். வாரப் பத்திரிகையில் வெட்டியெடுத்த கோலங்கள், வேறு யாராவது தினசரிக் காலண்டர் தாளின் பின்புறத்தில் வரைந்து கொடுத்தவை, எல்லாம் அதற்குள் கிடக்கும். நோட்டின் எந்தப் பாகத்துக்கும் காசு கொடுத்ததில்லை. ஒரு பக்கம் வீணானால் மனசு பதறவேண்டியதில்லை என்பதாலேயே பெண்கள் அதில் தயங்காமல் வரைந்தார்கள் என்று நினைக்கிறேன். இன்றைய விலையுயர்ந்த நோட்டில் முதல் கோட்டைப் போடவே கை கூசுகிறது.

கட்டம் போட்ட கணக்கு நோட்டுத் தாள் கிடைத்துவிட்டால் அம்மாவுக்குக் கொண்டாட்டம். நேர்ப்புள்ளிக்குக் கட்டத்தின் மூலையிலேயே வரிசையாக வைத்துக்கொண்டு போகலாம். ஊடுபுள்ளிக்கு ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டமாக வைத்து, அடுத்த வரிசையை ஒரு கட்டம் நகர்த்த வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் சுருக்கமாக ஒரு கணக்கு இருக்கும். ‘7–4 ஊடு’ என்றால் நடுவரிசையில் 7 புள்ளி, மேலேயும் கீழேயும் 6, 5, 4 என்று இறங்கும். மொத்தம் 37 புள்ளி, ஆறு மூலை. ‘7–1 நேர்’ என்றால் 7, 5, 3, 1 என்று இருபுறமும் குறைந்து 25 புள்ளியில் சாய்சதுரமாக நிற்கும். இந்த ஒரு வரியைப் படித்தாலே விடியற்காலை இருட்டில் வாசலில் எவ்வளவு இடம் வேண்டும், எங்கே முதல் புள்ளி வைக்க வேண்டும் என்பது கைக்குத் தெரிந்துவிடும்.

சிக்குக் கோலத்துக்கு இது போதாது. கம்பி, புள்ளியைத் தொடாமல் சுற்றிக்கொண்டே போய்த் தொடங்கிய இடத்துக்குத் திரும்ப வேண்டும். முடிந்த கோலத்தைப் பார்த்து அது எங்கே தொடங்கியது, எந்த வளைவு முதலில் வந்தது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. அதனால் அம்மா ஒரே கோலத்தைப் படிப்படியாக வரைந்து வைப்பாள். முதலில் புள்ளி மட்டும். பக்கத்தில் கால்வாசிக் கம்பி. அப்புறம் முழுசு. தொடங்கும் இடத்தில் சின்னதாக ஓர் அம்பு. பல கம்பிகள் பின்னிக்கொள்ளும் கோலமாக இருந்தால் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு நிறம். அதற்குத்தான் எங்கள் ஸ்கெட்ச் பேனாக்கள் காணாமல் போகும். காய்ந்துபோன பேனாவின் பின்மூடியைக் கழற்றி உள்ளே இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு இன்னும் சில நாள் ஓட்டுவாள். அந்த மையில் தண்ணீர் பட்டால் கலங்கிவிடும். வாசலில் போட்டுவிட்டு ஈரக்கையோடு நோட்டைத் திருப்பினால் சிவப்பு இரண்டு பக்கத்துக்கு ஊறும். பால்பாயிண்ட் பேனாவால் போட்ட கம்பியும் பென்சில் புள்ளியும் மட்டும் அசையாமல் இருக்கும்.

பக்க ஓரத்தில் இன்னொரு குறிப்பும் உண்டு. எதிர்வீட்டு மாமி, திருவாரூர்ச் சின்னத்தை, பால்காரர் பெண் என்று யாரிடம் கற்றது என்பதை எழுதி வைப்பாள். மார்கழிக்கு முன்பிருந்தே மத்தியான வேளைகளில் நோட்டுகள் வீடு மாறும். நோட்டை இரவல் கொடுப்பவர்களும் இருந்தார்கள். தன் நோட்டைக் கண்ணில் காட்டாதவர்களும் இருந்தார்கள். அவர்கள் வாசலில் போட்டதை விடிந்ததும் போய்ப் புள்ளி எண்ணிக்கொண்டு வருவது எங்கள் வேலை. வெயில் ஏறி ஆள் நடமாட்டம் தொடங்கினால் கோலம் கலைந்துவிடும். அதற்குள் எண்ணி மனசில் வைத்து, ஓடிவந்து அம்மாவிடம் ஒப்பிக்க வேண்டும். கல்யாணமாகிப் போகும் பெண், அம்மாவின் நோட்டைப் பார்த்துத் தனக்கு ஒன்று எழுதிக்கொண்டு போவாள். புகுந்த ஊரின் கோலங்கள் அதில் மேலே மேலே சேரும். ஒரு குடும்பத்துப் பெண்கள் எந்த ஊர்களுக்கெல்லாம் போனார்கள் என்பதை அந்த நோட்டின் ஓரங்களை வைத்தே சொல்லிவிடலாம்.

வாசலைத் தாண்டி இந்த அறிவை மதித்தவர்களும் உண்டு. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-ல் கோலத்தைக் கணினியியலோடு சேர்த்து ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். சிறு கோலம் ஒன்று அதே முறையில் படிப்படியாகப் பெரிதாகிக்கொண்டே போகும் அல்லவா, அந்த வளர்ச்சியை இலக்கண விதிகளைப் போல எழுதிவிட முடியும் என்று காட்டினார்கள். அதைப் பற்றிப் பிற்காலத்தில் படித்தபோது அம்மாவின் பக்கமூலைக் கணக்குதான் எனக்கு முன்னால் வந்து நின்றது. 3 புள்ளிக்கு ஒன்று, 5 புள்ளிக்கு ஒன்று, 7 புள்ளிக்கு ஒன்று என ஒரே கோலத்தை அடுத்தடுத்த பக்கங்களில் அவள் வளர்த்திருந்தாள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். அவளிடம் இருந்தது கணக்குதான் என்று யாராவது அப்போதே சொல்லியிருக்கலாம்.

நான் இப்போது பெங்களூரில் அடுக்ககத்தில் இருக்கிறேன். கதவுக்கு வெளியே சாணம் தெளிக்க மண் இல்லை. பளிங்குத் தரையில் நான்கடிக்கு இடம் உண்டு. மார்கழியில் செல்பேசிக்குக் கோலங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. நிறமும் நேர்த்தியும் அம்மா கனவிலும் காணாதவை. ஆனால் அந்தப் படங்களில் பெரும்பாலும் புள்ளிக் கணக்கு இருப்பதில்லை. யார் போட்டது, யாரிடம் கற்றது என்பதும் இல்லை. ஒருவர் விரலால் கம்பியை ஓட்டிக் காட்டும் காணொளி கொஞ்சம் உதவும். அதையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் போடும்போது என் கை எதையும் கற்றுக்கொள்வதில்லை. அடுத்த வருஷம் மறுபடி அதையே தேட வேண்டியிருக்கிறது. நோட்டைப் பார்த்து எண்ணிப் போட்ட கோலங்கள் இன்றும் என்னிடம் இருக்கின்றன. நினைவில் நிற்பவை அவை மட்டுமே.

மாயவரம் வீட்டை இடித்துக் கட்டியபோது பரணில் இருந்தவை மூட்டை மூட்டையாக எடைக்குப் போயின. பழைய பாடப் புத்தகங்கள், அப்பாவின் ரசீதுக் கட்டுகள், அவற்றோடு அந்த ரவிக்கைத் துணி அட்டை நோட்டுகளும். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். நகையோ பாத்திரமோ கிடைக்காமல் போனதற்காக நான் வருந்தியதே இல்லை. அந்த நோட்டுக்காக இன்றும் நெஞ்சு அடைக்கிறது. சிவப்பு மை ஊறிய அந்த இரண்டு பக்கங்களையாவது ஒரு தரம் தொட்டுப் பார்க்க மாட்டோமா என்று இருக்கிறது. ‘திருவாரூர்ச் சின்னத்தை’ என்று அம்மா சாய்த்து எழுதிய எழுத்தை இனி எங்கே போய்ப் பார்ப்பது? சின்னத்தையின் கையெழுத்தும் எங்களிடம் இல்லை.

உங்கள் வீட்டில் ஒரு கோல நோட்டு இருந்தால் அதை எடைக்குப் போட விடாதீர்கள். துருப்பிடித்த பின்னையும் குண்டூசியையும் மெதுவாகக் கழற்றுங்கள். கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்ட வேண்டாம். அது மஞ்சளித்துத் தாளையும் கெடுக்கும். லேமினேஷன் செய்துவிடாதீர்கள். பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாமல், ஓரக் குறிப்புகளும் தெரியும்படி பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். துவைத்துக் காய்ந்த வெள்ளை வேட்டித் துண்டில் சுற்றி அலமாரியில் வையுங்கள். பரண் வேண்டாம். எழுதியவர் இன்னும் இருக்கிறார் என்றால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அவரை நோட்டோடு உட்காரவைத்து, ஒவ்வொரு கோலத்துக்கும் முதல் புள்ளி எது, கம்பி எங்கே தொடங்குகிறது என்று கேட்டுப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். இந்த மார்கழிக்குள் செய்துவிடுங்கள்.