வெளுத்த பவளம்

(மூன்றாமாண்டு விலங்கியல் மாணவி)

சிங்கப்பூருக்குச் சென்று வந்தவர்கள் அங்குள்ள துறைமுகத்தைப் பற்றியும் வானளாவிய கட்டடங்களைப் பற்றியும் எழுதுவார்கள். நான் எழுதப் போவது ஒரு கண்ணாடித் தொட்டியைப் பற்றி. அதில் நான் செய்த பிழையைப் பற்றி.

சென்ற கோடை விடுமுறையில் அங்கே சித்தப்பா வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். கூடத்தில் நான்கடி நீளத் தொட்டி. உப்பு நீரில் ஆறு ஆண்டுகளாகப் பவளங்களை வளர்த்து வந்தார். நம் நாட்டில் கல்பவளங்கள் 2001ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டன. ஆகவே உயிருள்ள பவளத்தை நான் முதன்முதலில் கண்டது அங்கேதான்.

பவளம் செடியன்று, விலங்கு. அதன் தசைக்குள் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருந்து, ஒளிச்சேர்க்கையால் உணவு சமைத்து, அதையே வாடகையாகத் தருகின்றன. அதற்கு வெளிச்சந்தான் சோறு.

தொட்டியின் நடுவே ஒரே ஒரு எல்.இ.டி. விளக்கு தொங்கியது. நடுவிலிருந்த பவளம் இளம் ஊதா நிறத்தில் ஒளிர்ந்தது. மூலையிலிருந்ததோ பழுப்பேறி மங்கிக் கிடந்தது. அதன்மேல் எனக்கு இரக்கம் பிறந்தது. சித்தப்பா வேலை நிமித்தம் ஐந்து நாள் மலேசியா சென்றபோது, யாரையும் கேளாமல், பவளத்துக்கு 80 செ.மீ. உயரத்திலிருந்த விளக்கை 40 செ.மீ.க்கு இறக்கினேன்.

நான்காம் நாள் நடுப்பவளம் வெளுக்கத் தொடங்கியது. ஐந்தாம் நாள் சுண்ணாம்பாய் வெளுத்து நின்றது.

திரும்பி வந்த சித்தப்பா வெகுநேரம் தொட்டியையே பார்த்துக் கொண்டிருந்தார். நான் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். அவர் விளக்கை உயர்த்திவிட்டு, ஒரு தாளை எடுத்து வந்தார்.

"தூரம் பாதியானா வெளிச்சம் எத்தனை மடங்கும்மா?"

"நாலு மடங்கு, சித்தப்பா." தேர்வுக்கு மனப்பாடம் செய்த விதிதான்!

"மூலை பக்கவாட்டிலே 60 செ.மீ. தள்ளி இருக்கு. அதுக்கு?"

போட்டுப் பார்த்தேன். மூலைக்கான தூரம் 100 செ.மீ.யிலிருந்து 72 செ.மீ. ஆகியிருந்தது, அவ்வளவே. ஒளி இரு மடங்குகூட ஆகவில்லை.

"மூலையிலே இருக்கறதுக்கு வயிறு நிறையலே; நடுவிலே இருக்கறதுக்கு அஜீரணம்" என்றார்.

ஒளி மிகுந்தால் பாசிகள் நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் பொருள்களை உண்டாக்குகின்றன. பவளம் அவற்றை வெளியேற்றிவிடுகிறது. பின்பு தெரிவது கண்ணாடி போன்ற தசையும் அதனடியிலுள்ள சுண்ணாம்பு எலும்புமே.

மறுவாரம் அதே வகை விளக்கு இன்னொன்று வாங்கினார். இரண்டையும் உயரத்தில் இடைவெளிவிட்டுத் தொங்கவிட்டு, ஒளிவட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியச் செய்தார். முதலில் ஒளியைக் குறைத்து வைத்து, வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் கூட்டினார்.

இரண்டு மாதம் கழித்துப் படம் அனுப்பினார். மூலைப் பவளம் நிறம் பெற்றிருந்தது. நடுப்பவளத்தில் பாதி பிழைத்திருந்தது. மறுபாதியில் பாசி படர்ந்திருந்தது. ஆறு ஆண்டு வளர்ப்பு! அவர் ஒரு சொல்கூடக் கடிந்து பேசவில்லை. அதுதான் இன்றும் என் நெஞ்சை உறுத்துகிறது.

நம் விலங்கியல் கூடத்துக் கண்ணாடி அலமாரியில் வெள்ளைப் பவளம் ஒன்று இருக்கிறதல்லவா? மூன்றாண்டுகளாக அதன் வெண்மையை அழகென்று எண்ணி வந்தேன். அது எலும்பு என்று இப்போது அறிவேன். இரக்கம் நல்லதுதான், நண்பர்களே! விளக்கில் கை வைக்குமுன் ஒருமுறை கணக்கும் போட்டுப் பார்த்திருக்கலாம்.