பைத்தானைத் தூக்கினேன், வீடே காலி

மக்கா, அக்காவோட உபுண்டு லேப்டாப்ல டிஸ்க் ரொம்பிருச்சு. விடிஞ்சா அவளுக்கு ஆன்லைன் வகுப்பு. 'பைத்தான்3 எதுக்கு இதுல?'ன்னு ஆப்ட் கிட்ட தூக்கச் சொன்னேன். நீளமா ஒரு பட்டியல் போட்டு, சரியான்னு கேட்டுச்சு. எவன் படிப்பான்! ஒய் தட்டினேன். பைத்தானை நம்பியிருந்த அத்தனையும் கூடவே போச்சு, டெஸ்க்டாப் உட்பட. ரீபூட் பண்ணினா கறுப்புத் திரை. (ஆபீஸ்லயும் இதே ஆணிதான் புடுங்குறேன், வெளிய சொல்லிராதீங்க.)

வைஃபையும் வரல. லேன் ஒயரைச் செருகி, உபுண்டு-டெஸ்க்டாப் பொதியை மட்டும் நிறுவச் சொன்னேன். இழுத்துட்டுப் போன அதே சார்புச் சங்கிலி எல்லாத்தையும் திருப்பி இழுத்துட்டு வந்துச்சு. விட்டுப்போன சில்லறைகளை ஆப்டோட ஹிஸ்டரி லாக் பார்த்துச் சேர்த்தேன். ஹைஃபன் எஸ் போட்டா ஒத்திகை மட்டும் நடக்கும்ங்கிறது அப்பதான் ஞாபகம் வந்துச்சு.

"ராத்திரி முழுக்க என்னடா பண்ணே?"

"அப்டேட்க்கா."